ஊசி வந்துவிட்டது சரி, வீட்டுக்கு யார் போவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எச்.ஐ.வி. வராமல் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியைப் பற்றிச் சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். லெனாகாபவிர் என்று மருந்தின் பெயரைப் பிழையில்லாமல் போட்டிருந்தீர்கள். நம் பத்திரிகைகளில் அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை, அதனால் முதலில் ஒரு நன்றி. ஹைதராபாத் நிறுவனங்கள் 2027 முதல் இதை ஆண்டுக்கு 40 டாலர் விலையில் தரப்போவதையும் சொல்லியிருந்தீர்கள். அதுவும் சரி. ஆனால் ஊசி வந்துவிட்டதால் ஆப்பிரிக்கக் கிராமங்களில் எய்ட்ஸ் கதை முடிந்தது என்கிற முடிவும், அறியாமையாலும் சடங்குகளாலும்தான் அங்கே நோய் பரவியது என்கிற நடுப்பகுதியும், கூடவே போட்டிருந்த எலும்பும் தோலுமான குழந்தையின் படமும் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. கடிதம் நீளமாக இருந்தால் வெட்டிக்கொள்ளுங்கள். எண்களை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் மருந்தாளுநர். அரசு வேலையிலிருந்து விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு 2006-இல் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டுத் தென்பகுதிக்குப் போய், சோலோ மாவட்டத்தில் ஒரு மிஷன் மருத்துவமனையின் மருந்தகத்தைச் சில வருடங்கள் பார்த்துக்கொண்டேன். அது தேயிலை நாடு. அம்பாசமுத்திரத்துக்காரனான எனக்கு அந்தச் சரிவுகளைப் பார்த்ததும் மாஞ்சோலைக்கு ஏறி வந்துவிட்டோமோ என்றுதான் தோன்றியது. ஜூன், ஜூலையில் சிப்பெரோனி என்று ஒரு குளிர்த்தூறல் மொசாம்பிக் பக்கத்திலிருந்து வந்து நாள்கணக்கில் நிற்கும். அந்தத் தூறலில் அதிகாலையிலேயே கிளம்பி, ஏழெட்டு மைல் நடந்து, மருந்தக ஜன்னல் திறப்பதற்கு முன்பே வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் படத்தில் காட்டிய மாதிரி யாரும் இல்லை. தேயிலை பறிக்கிறவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள், சைக்கிள் டாக்ஸி ஓட்டுகிற பையன்கள், பேரப்பிள்ளையை முதுகில் கட்டிக்கொண்ட பாட்டிகள்.

மலாவி அரசு எச்.ஐ.வி.க்கான கூட்டுமருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004-இல். நான் போனபோது ஜன்னல் வழியாக நான் நீட்டியது டிரையோமியூன் என்ற மாத்திரை. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிராபின் மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தது. மும்பை சிப்லா தயாரிப்பு. மேல்நாட்டு நிறுவனங்கள் ஒரு ஆளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் கேட்டுக்கொண்டிருந்தபோது, 2001-இல் 350 டாலருக்குத் தருகிறேன் என்று சொன்ன அதே சிப்லா. பெட்டியில் ‘மேட் இன் இந்தியா’ என்று பார்க்கும்போது எனக்கும் பெருமைதான், மறைக்கவில்லை. ஆனால் அந்தப் பெருமை ஜன்னலோடு நின்றுவிடும். மாத்திரை ஜன்னலைத் தாண்டி வீட்டுக்குப் போனபிறகு என்ன ஆகிறது என்பது வேறு விஷயம். உங்கள் கட்டுரை அங்கேதான் நின்றுவிட்டது.

இதற்கு என் அனுபவத்தைவிட நல்ல சாட்சி இருக்கிறது. நான் அங்கே போவதற்கு முன்பே, அதே சோலோ மாவட்டத்தில், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் ஒரு கணக்கு எடுத்திருந்தார்கள். 2003, 2004-இல் மருந்து தொடங்கிய 1,634 பேர். அவர்களில் 895 பேருக்கு ஊருக்குள்ளேயே ஆதரவு இருந்தது. அதாவது, பயிற்சி பெற்ற தொண்டர்கள் வீடு தேடி வந்து, மாத்திரை சாப்பிட்டாயா என்று கேட்டு, வாய்ப்புண்ணையும் வயிற்றுப்போக்கையும் பார்த்து, உடம்பில் தடிப்பு வந்தால் ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வைப்பார்கள். மீதி 739 பேருக்கு அந்த வசதி இல்லை. மருந்து ஒன்றேதான், மாவட்டமும் ஒன்றேதான். முதல் கூட்டத்தில் 96 சதவீதம் பேர் உயிரோடு இருந்து மருந்தையும் விடாமல் இருந்தார்கள். இரண்டாவது கூட்டத்தில் அது 76 சதவீதம். இறந்தவர்கள் முதல் கூட்டத்தில் 3.5 சதவீதம், இரண்டாவதில் 15.5. சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஆய்வு இல்லை இது. தொண்டர்கள் இருந்த ஊருக்கு வேறு வசதிகளும் இருந்திருக்கலாம், ஆகவே முழு வித்தியாசத்தையும் அவர்கள் கணக்கில் எழுத முடியாது. பாதியை எழுதுங்கள், அதுவே ஒரு புது மருந்து கண்டுபிடித்ததற்குச் சமம்.

மலாவிக் கிராமங்களில் எச்.எஸ்.ஏ. என்று ஒருவர் உண்டு. ஹெல்த் சர்வைலன்ஸ் அசிஸ்டன்ட். நம் ஊர் கிராம சுகாதார செவிலியருக்கும் ஆஷாவுக்கும் நடுவில் ஒரு வேலை. அரசுச் சம்பளம், பத்துப் பன்னிரண்டு வாரப் பயிற்சி, ஆயிரம் பேருக்கு ஒருவர் என்பது கணக்கு, நடைமுறையில் இரண்டாயிரம் பேரையும் பார்ப்பார்கள். தடுப்பூசி, கொசுவலை, கக்கூஸ் குழி, கிணற்றில் குளோரின், குழந்தைகளின் எடை எல்லாம் அவர்கள் தலையில்தான். என் மருந்தகத்துக்குச் சேர்ந்த ஊர்களில் ஒரு நடுத்தர வயது எச்.எஸ்.ஏ. இருந்தார். மருந்தை விட்டுவிட்டவர்களைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வருவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. எப்படி என்று ஒருநாள் அவரோடு சைக்கிளில் போய்ப் பார்த்தேன்.

அவர் நேராக அந்த வீட்டுக்குப் போகவில்லை. அதற்கு முன்னால் உள்ள வீட்டில் இறங்கினார். நலம் விசாரிப்பதற்கே அங்கே கால் மணி நேரம் ஆகும், அதில் அவசரம் காட்டினால் காரியம் கெட்டுவிடும். கொசுவலை கிழிந்திருக்கிறதா என்று பார்த்தார். அடுத்து எதிர்வீட்டில் குழந்தையின் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தார். மூன்றாவதாகத்தான் நாங்கள் தேடி வந்த வீடு. அங்கேயும் கொசுவலைதான் பேச்சு. பேச்சுக்கு நடுவில், கொல்லைப்பக்கம் கக்கூஸ் குழியைப் பார்க்கப் போகும்போது, அந்தப் பெண்ணிடம் தனியாக ஏன் இரண்டு மாதமாக வரவில்லை என்று கேட்டார். அப்புறம் நாலாவது வீட்டுக்கும் போய்விட்டுத்தான் திரும்பினோம். வெயில் ஏறிவிட்டது, எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. ஆனால் அந்தத் தெருவில் யாருக்கும், எந்த வீட்டுக்காக நாங்கள் வந்தோம் என்று தெரிந்திருக்காது.

இதற்கு நேர்மாறாக, கதவில் பெரிய சின்னம் ஒட்டிய வெள்ளை லேண்ட் குரூசர்கள் வரும். நல்ல மனிதர்கள், நல்ல நோக்கம். வண்டி எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டுக்காரருக்கு என்ன வியாதி என்று மாலைக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிடும். எய்ட்ஸுக்கென்று தனி வண்டி, தனி அட்டை, தனி ஜன்னல் என்று வைக்கிற திட்டங்களைக் கண்டாலே எனக்கு அலுப்பு வருவது அங்கே பிடித்த வியாதி.

அந்தப் பெண் ஏன் வரவில்லை என்று கேட்கிறீர்களா? டப்பா சத்தம் போடுகிறதாம். முப்பது மாத்திரை, அறுபது மாத்திரை உள்ள பிளாஸ்டிக் டப்பா, நடக்கும்போது கலகலவென்று குலுங்கும். மினிபஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு அந்தச் சத்தம் எதுவென்று தெரியும், ஏனென்றால் அவர் வீட்டிலும் ஒன்று இருக்கும். அதனால் பல பெண்கள் மருத்துவமனை வாசலைத் தாண்டியதுமே டப்பாவை எறிந்துவிட்டு மாத்திரைகளை இடுப்பில் சுற்றும் சித்தெஞ்சே துணியின் ஓரத்தில் முடிந்துகொள்வார்கள். வீட்டில் சோளமாவுப் பானைக்குள் ஒளித்து வைப்பார்கள். மருந்தாளுநர் என்ற முறையில் எனக்கு இது வயிற்றைக் கலக்கும் செய்தி. டப்பாவுக்குள் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் சும்மா போட்டு வைக்கவில்லை, அந்த மழைக்காலக் காற்றில் மாத்திரை இளகிவிடும். பிறகு நாங்கள் டப்பாவில் பஞ்சை அடைத்துக் கொடுக்க ஆரம்பித்தோம். பஞ்சு ரோல் ஒன்று எத்தனை டப்பாவுக்கு வரும் என்று கணக்குப் போட்டு, அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து கேட்டு வாங்குவேன். இந்தச் சின்ன வேலையை எந்த வழிகாட்டி நூலும் எனக்குச் சொல்லித் தரவில்லை, கொல்லைப்பக்கம் பேசிய அந்தப் பேச்சுதான் சொல்லித் தந்தது.

ஜனவரி, பிப்ரவரி வந்தால் இன்னொரு காரணம். பழைய சோளம் தீர்ந்து புதுச் சோளம் முற்றாத மாதங்கள் அவை. வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் குமட்டுகிறது என்று நிறுத்திவிடுவார்கள், அல்லது கூலிவேலை தேடி மொசாம்பிக் எல்லையைத் தாண்டியிருப்பார்கள். எங்கள் பதிவேட்டில் அது ‘தொடர்பில் இல்லை’ என்ற கட்டத்தில் ஒரு டிக் ஆகும். அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது அறியாமையாகத் தெரியும். எச்.எஸ்.ஏ.வுக்கு அது பசி என்று தெரியும், அறுவடை முடிந்து எந்த வாரம் திரும்பி வருவார்கள் என்றும் தெரியும்.

சடங்கைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தெற்கே நசாஞ்சே பக்கம் தீட்டுக் கழிப்பது என்று சொல்லி விதவைகளோடு ஒரு ஆளை உறவுகொள்ள வைக்கிற வழக்கம் இருந்தது உண்மைதான், 2016-இல் அது உலகச் செய்தியாகி ஒருவர் கைதும் ஆனார். நல்லதுதான். ஆனால் என் ஜன்னலுக்கு வந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வந்தது சடங்கினால் இல்லை, கட்டிய கணவனிடமிருந்தோ மனைவியிடமிருந்தோ, இருவருக்குமே தெரியாத நிலையில் வந்தது. அதைத் தலைப்பாகப் போட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், எனக்குப் புரிகிறது.

அறியாமை என்ற பேச்சு எழுந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இன்று உலகம் முழுக்க, நம் ஊர் அரசு மருத்துவமனைகள் உட்பட, கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. இருந்தால் உடனே மருந்து தொடங்கி வாழ்நாள் முழுக்கக் கொடுக்கிறார்கள் அல்லவா? அதை முதலில் தேசிய அளவில் செய்து காட்டியது மலாவிதான், 2011-இல். அதற்கு முன்பு உலக சுகாதார நிறுவனம் சொன்ன முறைகளில், ரத்தத்தில் சி.டி.4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் யாருக்கு எந்த மருந்து என்று தீர்மானிக்க வேண்டும். எண்ணுகிற கருவி கிராம சுகாதார நிலையத்தில் ஏது? இருந்தாலும் ரசாயனம் இருக்காது, ரசாயனம் இருந்தால் கரண்ட் இருக்காது. ஒரு பெண் ஐந்தாறு பிள்ளை பெறுகிற ஊரில், பிரசவத்துக்குப் பிரசவம் மருந்தைத் தொடங்கி நிறுத்தித் தொடங்குவதில் அர்த்தமும் இல்லை. எண்ணவே வேண்டாம், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் ஆயுளுக்கும் கொடுப்போம் என்று அந்த ஊர் சுகாதார அமைச்சகமே முடிவு எடுத்தது. அதற்கு ஆப்ஷன் பி பிளஸ் என்று பெயர். 2011-இன் இரண்டாம் காலாண்டில் மருந்து தொடங்கிய கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் 1,257 பேர். 2012-இன் மூன்றாம் காலாண்டில் 10,663 பேர். 2013-இல் உலக சுகாதார நிறுவனமே அந்த வழிக்குத் திரும்பியது. என் மருந்தகத்தில் அந்த மாதங்களில் அட்டைப்பெட்டி வைக்க இடமில்லாமல் நடைபாதையில் அடுக்கினோம்.

ஆனால் இந்த வெற்றிக்குள் ஒரு ஓட்டை இருந்தது. என் வாதமே அதில்தான் இருக்கிறது. கர்ப்பகாலத்தில் இப்படி மருந்து தொடங்கிய பெண்கள், நோய் முற்றிய பிறகு தொடங்கியவர்களைவிட, முதல் தடவைக்குப் பிறகு திரும்பி வராமல் போவது ஐந்து மடங்கு அதிகம் என்று பிறகு மலாவிக் கணக்கிலேயே தெரிந்தது. ஆறு மாதத்தில் 17 சதவீதம் பேர் காணவில்லை. ஏன் என்று யோசித்தால் ஆச்சரியமே இல்லை. வயிற்றுப் பிள்ளைக்காகச் சோதனைக்கு வந்தவள், உடம்பில் ஒரு வலியும் இல்லாதவள், விரலில் ஒரு குத்து, கால் மணி நேரத்தில் முடிவு, அதே மத்தியானம் கையில் வாழ்நாள் மாத்திரை, பிறக்கப்போகும் பிள்ளைக்கு நெவிராபின் சிரப். மூன்று மணி நேரம் நடந்து வீட்டுக்குப் போய்க் கணவனிடம் என்னவென்று சொல்வாள்? கணவனைச் சோதனைக்கு அழைக்கும் கடிதம் ஒன்றைக் கொடுத்து அனுப்புவோம். சிலர் அதைப் படித்து வந்தார்கள். சிலர் அதைப் படித்துவிட்டு மனைவியை வீட்டை விட்டு அனுப்பினார்கள். அந்த வாரம், அந்த மாதம் யாராவது வீட்டுப்பக்கம் போனால்தான் அவள் திரும்பி வருவாள். அதைக் கண்டுகொண்டுதான், தானும் மருந்து சாப்பிட்டுப் பிள்ளையைத் தொற்றில்லாமல் பெற்ற தாய்மாரையே வேலைக்கு வைத்தார்கள். ‘எக்ஸ்பர்ட் கிளையன்ட்’ என்று அங்கே ஒரு பதவியே உண்டு, தானே நோயாளியாக இருந்து மற்ற நோயாளிகளுக்கு வழிகாட்டுகிறவர். டாக்டர் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள், இவர்கள் பேச்சைக் கேட்டு மறுமாதம் வருவார்கள்.

மருந்தை விடாமல் சாப்பிட்டு ரத்தத்தில் வைரஸ் அடங்கிவிட்டவரிடமிருந்து உடலுறவில் துணைக்கு நோய் போகாது என்பதும் இந்த வேலைக்கு இன்னொரு பலம் கொடுத்தது. சீக்கிரமே மருந்து தொடங்கினால் துணைக்குப் பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011-இல் நிரூபித்த ஆய்வில் 9 நாடுகளிலிருந்து 1,763 தம்பதிகள் இருந்தார்கள். மலாவியின் பிளான்டயர், லிலாங்வே நகரத் தம்பதிகளும் உண்டு, நம் சென்னைத் தம்பதிகளும் உண்டு. சென்னையில் அதை நடத்தியது ஒய்.ஆர்.ஜி. கேர், 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்த சுனிதி சாலமன் தொடங்கிய அமைப்பு. மலாவிக்காரரும் மயிலாப்பூர்க்காரரும் சேர்ந்து உலகத்துக்குச் சொன்ன விஷயம் அது. அப்படி இருக்க, நாம் கொடுக்கிறவர்கள், அவர்கள் வாங்குகிறவர்கள் என்கிற தொனி எதற்கு?

இன்னும் சந்தேகம் இருந்தால் இந்த எண்களைப் பாருங்கள். 2020-21-இல் மலாவி நாடு முழுக்க எடுத்த கணக்கெடுப்பில், தொற்றுள்ள பெரியவர்களில் 88.3 சதவீதம் பேருக்குத் தங்கள் நிலை தெரியும், தெரிந்தவர்களில் 97.9 சதவீதம் பேர் மருந்து எடுக்கிறார்கள், எடுப்பவர்களில் 96.9 சதவீதம் பேருக்கு வைரஸ் அடங்கியிருக்கிறது. இந்தியாவுக்கு 2023 வாக்கில் இதே மூன்று எண்கள் 81, 88, 97. எய்ம்ஸும் அப்போலோவும் இல்லாத நாடு, மாவட்டத்துக்கு டாக்டர்களை விரல்விட்டு எண்ணலாம். சைக்கிளில் எட்டிய உயரம் இது.

இப்போது ஊசிக்கு வருகிறேன். நான் அதற்கு எதிரி இல்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இளம்பெண்களிடம் நடந்த சோதனையில் ஊசி போட்ட 2,134 பேரில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை என்று 2024 ஜூனில் செய்தி வந்தபோது, நாற்பது வருட மருந்துக்காரனான நான் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். அப்படி ஒரு முடிவை நான் பார்த்ததில்லை. டப்பா இல்லை, கலகல சத்தம் இல்லை, மாவுப் பானை இல்லை. கணவனுக்கோ மாமியாருக்கோ தெரியாமல் ஒரு பெண் தன்னைக் காத்துக்கொள்ளலாம். இதை எந்த ஆணுறைப் பிரசாரத்தாலும் தர முடியவில்லை.

ஆனால் ஒரு மருந்தாளுநர் படிக்கிற மாதிரி அதைப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் எச்.ஐ.வி. சோதனை செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஏற்கெனவே தொற்றியவரிடம் வைரஸ் அந்த மருந்துக்குப் பழகிவிடும். முதல் ஊசியோடு அன்றைக்கு இரண்டு மாத்திரை, மறுநாள் இரண்டு மாத்திரை. அந்த மறுநாள் மாத்திரையை அவள் வீட்டில்தான் விழுங்க வேண்டும், மறந்தாளா என்று பார்க்க ஆள் வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் ஊசியின் அளவு ரத்தத்தில் குறைந்துவிடும், கூடுதல் மருந்து தேவை. காசநோய் மலிந்த ஊரில் அதை யாராவது கேட்டு வைத்திருக்க வேண்டும். ஆறு மாதம் முடிந்து முன்பின் இரண்டு வாரத்துக்குள் அடுத்த ஊசி. சோதனையில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் நேரத்துக்கு வந்தார்கள் என்றால், பின்னால் ஒரு படையே ஃபோன் போட்டுக்கொண்டு இருந்தது. நிஜ ஊரில் அந்தப் படை யார்?

ஊசி என்றாலே விடாமல் வந்துவிடுவார்கள் என்று நினைப்பதற்கும் மலாவியே பதில் வைத்திருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியை எச்.எஸ்.ஏ.க்களே ஊருக்குள் போடலாம் என்று அங்கே 2008-இலேயே அனுமதித்துவிட்டார்கள். பின்னால் மங்கோச்சி மாவட்டத்தில் ஒரு ஆய்வு நடந்து 2018-இல் வெளியானது. ஊசி போடுகிறவரிடம் வந்துதான் போட்டுக்கொள்ள வேண்டும் என்ற பெண்களில் ஒரு வருடம் தொடர்ந்தவர்கள் 45 சதவீதம். வீட்டுக்கே கொடுத்தனுப்பி, தானே போட்டுக்கொள்ளக் கற்றுத்தந்த பெண்களில் 73 சதவீதம். மருந்து அதேதான், நடக்க வேண்டிய தூரம்தான் குறைந்தது.

இன்னொன்றும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். ஜோம்பா மாவட்டத்தில் 2008-இல் தொடங்கிப் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகளுக்கும் குடும்பத்துக்கும் மாதாமாதம் கொஞ்சம் பணம் கொடுத்துப் பார்த்தார்கள். பதினெட்டு மாதம் கழித்துச் சோதித்தபோது பணம் வாங்கியவர்களில் 1.2 சதவீதம் பேருக்குத் தொற்று, வாங்காதவர்களில் 3 சதவீதம். எந்த மாத்திரையும் இல்லை, ஊசியும் இல்லை. வயசான ஆளிடம் கையேந்த வேண்டிய அவசியம் அந்தப் பிள்ளைகளுக்குக் குறைந்தது என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

இவ்வளவையும் எழுதக் காரணம், உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாத ஒரு விஷயம். 2003-இல் தொடங்கிய அமெரிக்க எய்ட்ஸ் நிதிதான் ஆப்பிரிக்காவில் இந்த வேலைகளுக்குப் பெரிய தாங்கல். 2025 ஜனவரி 20 அன்று அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவிகளை 90 நாளுக்கு நிறுத்தி வைத்தது. சில நாளில் உயிர்காக்கும் மருந்துகளுக்கு விலக்கு வந்தது. தடுப்பு மருந்தைப் பொறுத்தவரை அந்த விலக்கு கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் மட்டும்தான். ஜூலை 1-இல், அந்த உதவிகளை நடத்திவந்த யு.எஸ்.எய்டு அமைப்பே மூடப்பட்டது. எச்.எஸ்.ஏ.க்களுக்கு அரசுச் சம்பளம், அவர்கள் தப்பித்தார்கள். ஆனால் எக்ஸ்பர்ட் கிளையன்ட்கள், விரலில் குத்திச் சோதனை செய்கிறவர்கள், தாய்க்குத் தாய் வழிகாட்டுகிறவர்கள் இவர்களில் பலருக்கு வெளிநாட்டு நிதிதான் கூலி. எனக்குப் பக்கத்து மேஜையில் பதிவேடு எழுதிய பழைய சகா ஒருவர் வாட்ஸ்அப்பில் சொன்னார். ஒரு திங்கட்கிழமை காலையில் அவர்கள் கிளினிக்கின் எக்ஸ்பர்ட் கிளையன்ட்களை நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். அலமாரியில் மாத்திரை இருக்கிறது, வராதவர்கள் பட்டியலும் இருக்கிறது, பட்டியலை எடுத்துக்கொண்டு போக ஆள் இல்லை என்றார். அவர்களில் இரண்டு பேர் கூலியில்லாமலே சில வாரம் போய்வந்தார்களாம். சைக்கிள் டயர் போனதும் அதுவும் நின்றுவிட்டது.

2025 நவம்பரில் லெனாகாபவிர் ஊசியின் முதல் சரக்கு ஸாம்பியாவுக்கும் எஸ்வாத்தினிக்கும் போய்ச் சேர்ந்தது. அதே வருடத்தில் ஆட்களை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு ஊசியை இறக்கியிருக்கிறார்கள் என்பதை உங்கள் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டாமா?

ஆகவே மூன்று கோரிக்கைகள். அந்தக் குழந்தையின் படத்தை இணையப் பதிப்பிலிருந்தாவது எடுத்துவிடுங்கள். அது எந்த ஊர், எந்த வருடம் என்று அடிக்குறிப்புகூட இல்லை. அடுத்து, 40 டாலர் என்று மறுபடி எழுதும்போது அது ஊசியின் விலை மட்டும் என்று எழுதுங்கள். சோதனைக்கருவி, அதைச் செய்கிற ஆள், ஆறு மாதம் கழித்து வீடு தேடிப் போகிற ஆள், அவருடைய சைக்கிள் இதற்கெல்லாம் என்ன ஆகும் என்று அந்த நாட்டு அமைச்சகங்களிடம் கேட்டுப் போடுங்கள். ஹைதராபாத் நிறுவனங்களிடமும் கேளுங்கள், அவர்கள் விற்கப்போகிற சரக்கு கிடங்கிலேயே காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும் என்று அவர்களுக்கும் அக்கறை இருக்கும்.

மூன்றாவது, இந்த வேலையைச் செய்தவர்கள் யாராவது ஒருவரோடு பேசி ஒரு பேட்டி போடுங்கள். என் பழைய சகாக்கள் இரண்டு பேர் பேசத் தயார் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆங்கிலம் நன்றாகப் பேசுவார்கள். மலாவி நேரம் நமக்கு மூன்றரை மணி நேரம் பின்னால். இரவு எட்டு மணிக்குமேல் கூப்பிட்டால் அவர்கள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்திருப்பார்கள். அவர்களுடைய தொலைபேசி எண்ணை உங்கள் அலுவலகத்துக்குத் தனியாக அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
அம்பாசமுத்திரம்.